போட்டோ மேல பெயிண்டா, பெயிண்ட் மேல போட்டோவா? ரெண்டு பேர் சேர்ந்து பண்றப்போ எந்த வழி சரிவரும்

ஒருத்தர் போட்டோ எடுக்கறவர், இன்னொருத்தர் பெயிண்ட் பண்றவர், ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே படமா ஏதாவது பண்ணலாம்னு ஆசை. இது வந்ததும் முதல்ல எல்லாரும் கேக்கறது என்ன பேப்பர், என்ன கலர், என்ன பிரிண்டர்னுதான். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். இப்போ யாராவது கேட்டா நான் திருப்பி கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், கடைசியா அந்த படத்தை தொடப்போற கை யாரோடது? அதுக்கு பதில் தெரிஞ்சா பேப்பரும் கலரும் தானா முடிவாயிடும், அது தெரியாம எவ்வளவு நல்ல பேப்பர் வாங்கினாலும் நடுவுல மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

நான் போட்டோ பக்கம். என்கூட சேர்ந்து பண்றவர் என்னைவிட பதினஞ்சு வயசு பெரியவர், ஓவியர், நான் அண்ணன்னுதான் கூப்பிடுவேன். முதல் தடவை அவர்கிட்ட ஒரு பிரிண்ட் கொண்டுபோய் குடுத்தேன், ஜன்னல் ஓரமா ஒரு காலி நாற்காலி, சாயங்கால வெளிச்சம், கீழ நிழல், சுவத்துல காலண்டர், மேசையில டம்ளர், எல்லாம் கணக்கா உக்காந்திருக்கும். எனக்கு ரொம்ப பெருமையான படம். அவர் அஞ்சு நிமிஷம் பாத்துட்டு சொன்னார், "தம்பி, நல்லாருக்குப்பா, ஆனா இதுல எனக்கு எங்க இடம் வச்சிருக்க?"

அப்போ புரியல. அவரும் மனசில்லாம அந்த நாற்காலி மேல மஞ்சள்ல ஏதோ போட்டார், ரெண்டு நாள் கழிச்சு அந்த மஞ்சள் ஓரத்துல நகத்தை வச்சா அப்படியே தோல் மாதிரி உரிஞ்சு வந்துச்சு. க்ளாஸி பிரிண்ட், அதாவது பளபளப்பான பேப்பர். அந்த மாதிரி பேப்பர்ல மேல ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கும், தண்ணில கரையற அக்ரிலிக் அதை பிடிக்கவே பிடிக்காது, காயற வரைக்கும் நல்ல பிள்ளையா இருக்கும் அப்புறம் கழண்டுக்கும். ஆக ஒரே படத்துல ரெண்டு தப்பு, ஒண்ணு பேப்பர், இன்னொண்ணு நான் ஏற்கனவே முடிச்சு வச்ச படத்தை குடுத்தது. பேப்பரை மாத்தறது சுலபம், ரெண்டாவதுக்குத்தான் எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

சரி, வழிகளுக்கு வருவோம். ரொம்ப பேர் எடுக்கற வழி பிரிண்ட் போட்டு அது மேல பெயிண்ட் பண்றது. இதுல கடைசி கை ஓவியரோடது. இது புதுசு ஒண்ணும் இல்ல, கலர் போட்டோ வர்றதுக்கு முன்னாடியே பிரிண்ட் மேல கையால கலர் போட்டுட்டுத்தான் இருந்தாங்க. ராஜஸ்தான் பக்கம் 19ஆம் நூற்றாண்டு கடைசில அரண்மனை மினியேச்சர் ஓவியர்கள் போட்டோ மேல போட்ட வேலையை பாத்தா சிலதுல முகம் மட்டும்தான் போட்டோன்னு தெரியும், துணி நகை கம்பளம் திரை எல்லாம் பெயிண்ட்லயே மூடியிருக்கும். இன்னைக்கு உதாரணம் சொல்லணும்னா பாரிஸ்ல பியேர் எ ஷில்னு ஒரு ஜோடி, 1976லேருந்து சேர்ந்தே பண்றாங்க, பியேர் போட்டோ எடுப்பார், ஷில் அது மேல பெயிண்ட் பண்ணுவார். ஆனா அவங்க படத்தை உத்து பாத்தீங்கன்னா ஒரு விஷயம் தெரியும், பெயிண்ட் வரப்போகுதுன்னு தெரிஞ்சேதான் செட், லைட், துணி எல்லாம் போட்டோ எடுக்கறப்பவே அமைக்கறாங்க. அதாவது கடைசி கை ஷில்லோடதுன்னு கேமரா எடுக்கறப்பவே ரெண்டு பேருக்கும் தெரியும்.

இதுக்கு நேர் எதிர் ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் பண்ணது. 1980கள்லேருந்து சாதாரண லேப்ல போட்ட 10க்கு 15 செமீ குடும்ப போட்டோக்கள், பெரிய ஓவியம் வரைஞ்சு முடிச்சதும் மிச்சம் இருக்கற ஈர பெயிண்ட்ல அந்த போட்டோவை இழுத்து எடுப்பார், எங்க மூடும் எங்க தெரியும்னு முழுசா அவர் கையில இல்ல. அது தனி ஆள் வேலை, போட்டோவும் அவரோடது, அதனால யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல. ரெண்டு பேர் சேர்ந்து பண்றப்போ இந்த முரட்டுத்தனத்தை எடுத்ததும் ட்ரை பண்ணாதீங்க, அடுத்தவன் போட்டோல முகத்தை மூடறது அவனை அறையற மாதிரிதான் இருக்கும், எவ்வளவு நெருக்கமா இருந்தாலும்.

இந்த வழிக்கு என்ன வேணும்னா, மேட் காட்டன் பேப்பர், அதாவது மினுங்காதது, 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) அளவுக்கு கனம் இருந்தா நல்லது, இங்க் கண்டிப்பா பிக்மென்ட் இங்க்கா இருக்கணும், தண்ணில கரையாத நிறத்தூள் கலந்த மை. டை இங்க்னா, அதாவது கரைஞ்ச சாய மைன்னா, பிரஷ் ஈரம் பட்டதும் கருப்பு நிழல்லேருந்து ஊதாவும் நீலமும் கசிஞ்சு ஓடும், நான் பாத்திருக்கேன், நாற்காலி காலுக்கு கீழ மை கொட்டின மாதிரி ஆச்சு. வீட்டு பிரிண்டர்ல எந்த இங்க்னு தெரியலன்னா ஓரத்துல ஒரு சொட்டு தண்ணி வச்சு விரலால தேய்ச்சு பாத்தா போதும். பிக்மென்ட்டா இருந்தாலும் மேல ஸ்ப்ரே ஃபிக்ஸேட்டிவ் (மை கலையாம பிடிச்சு வைக்கறது) மெலிசா ரெண்டு கோட் அடிச்சு, அது காஞ்சதும் மேட் மீடியம் (கலர் இல்லாத, மினுங்காத அக்ரிலிக் பூச்சு) ஒரு கோட் பூசிட்டா பிரஷ் தைரியமா ஓடும், தப்பு ஆனா ஈரத்துணியால உடனே துடைக்கவும் முடியும். முன்னாடியே ஒரு கெட்டி போர்டுல பிரிண்டை ஒட்டிடுங்க, இல்லன்னா ஈரம் குடிச்சு பேப்பர் அப்பளம் மாதிரி வளையும். ஆயில் பெயிண்ட் நேரா பேப்பர்ல வேண்டாம், எண்ணெய் சுத்தி கறையா பரவும், காலப்போக்குல பேப்பர் நாரும் இத்துப்போகும். அந்த மேட் மீடியம் கோட் நடுவுல இருந்தா பரவாயில்ல.

இதுல யாரும் முன்கூட்டி சொல்லாத தொல்லை ஒண்ணு இருக்கு. போட்டோ மேட், அக்ரிலிக் காஞ்சா லேசா மினுங்கும். நேரா நின்னு பாத்தா தெரியாது, பக்கவாட்டுல பாத்தா பெயிண்ட் பட்ட இடம் மட்டும் ஒட்டு போட்ட மாதிரி பளபளக்கும். சிலருக்கு அது பிடிக்கும், அண்ணனுக்கு பிடிக்கும், எனக்கு ஆகாது. கடைசில முழு படத்துக்கும் ஒரே மேட் வார்னிஷ் அடிச்சா ரெண்டும் ஒண்ணாகும், ஆனா கருப்பு கொஞ்சம் வெளுத்து தெரியும். எது வேணும்னு முதல்லயே பேசிக்கறது உத்தமம்.

கேன்வாஸ் பிரிண்ட்? தடியா பெயிண்ட் போடறவங்களுக்கு வசதி, போட்டோல இருக்கற நுணுக்கத்துக்கு நல்லதில்ல. இழையோட மேடு பள்ளம் கண்ணிமை, தலைமுடி மாதிரி சின்ன விவரங்களை தின்னுடும். பெரிய சைஸ்ல, தூரத்துலேருந்து பாக்கற படம்னா சரி.

பழைய வழி ஒண்ணு இருக்கு, அதை நான் நிறைய பேருக்கு சொல்றேன், யாரும் கேக்கறதில்ல. டார்க்ரூம்ல ஃபைபர் பேப்பர்ல போட்ட கருப்பு வெள்ளை மேட் பிரிண்ட், அது மேல போட்டோ ஆயில் கலரை பஞ்சுல தொட்டு மெலிசா தேய்க்கறது. கலர் கண்ணாடி மாதிரி உக்காரும், கீழ போட்டோ முழுசா தெரியும், பிடிக்கலன்னா காயறதுக்குள்ள துடைச்சு எடுத்துடலாம். ரெண்டு பேரும் ஒரே மேசைல உக்காந்து "கொஞ்சம் கம்மி பண்ணுண்ணே", "இரு இரு, இங்க மட்டும்"னு பேசிக்கிட்டே பண்ணக்கூடியது இது ஒண்ணுதான். வேகம் கம்மி, பிரிண்ட் போட்டுக்குடுக்க ஆள் தேடணும், ஆனா புதுசா ஜோடி சேர்றவங்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

அடுத்த வழி தலைகீழ். முதல்ல பெயிண்ட், கடைசில கேமரா. சுவர், தரை, பின்னாடி தொங்கற துணி, சாமான், சில சமயம் ஆளோட உடம்பு, எதுல வேணும்னாலும் ஓவியர் வரைவார், அப்புறம் போட்டோ, அந்த போட்டோதான் முடிஞ்ச வேலை. ஃப்ரான்ஸ்ல ஜார்ஜ் ரூஸ்னு ஒருத்தர் பாழடைஞ்ச கட்டடங்களுக்குள்ள சுவரு தூண் தரை எல்லாத்துலயும் துண்டு துண்டா பெயிண்ட் பண்ணுவார், ஒரே ஒரு இடத்துலேருந்து பாத்தா மட்டும் அது முழு வட்டமாவோ சதுரமாவோ கூடும், கேமராவை அங்க வச்சு எடுப்பார். கட்டடம் இடிஞ்சுபோகும், போட்டோ நிக்கும். இந்த வழியோட லாபம் எத்தனை பிரிண்ட் வேணும்னாலும் போடலாம், உரிஞ்சு வர்ற பயம் கிடையாது. நஷ்டம் ஓவியருக்கு. அவர் நாள் கணக்கா போட்ட பிரஷ் வேலை, அந்த தடிப்பு, கோடு, எல்லாம் தட்டையான ஒரு பேப்பருக்குள்ள போயிடும், கடைசி கை உங்களோடதுங்கறதால எந்த ஃப்ரேமை வைக்கறது எதை வெட்டறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணுவீங்க. எங்களுக்குள்ள இதுல சண்டை வந்தது உண்மை. ஒரு பெரிய துணில அவர் வரைஞ்சதுல வலது ஓரம் அவருக்கு உயிர், நான் எடுத்த ஃப்ரேம்ல அது வெளிய போயிடுச்சு, எனக்கு அது உறுத்தவே இல்ல, அவருக்கு ஒரு வாரம் பேச்சு வரல. இதை எடுக்கறதா இருந்தா ஓவியரை ஒரு தடவையாவது வ்யூஃபைண்டர்ல பாக்க சொல்லுங்க, வரையறதுக்கு முன்னாடி, வரைஞ்சப்புறம் இல்ல. ட்ரைபாட் நின்ன இடத்துல தரைல டேப் ஒட்டிடுங்க. பெயிண்ட் முடிஞ்ச அளவு மேட்டா இருக்கட்டும், மினுங்கற பெயிண்ட்ல லைட் திருப்பி அடிக்கறதை அடக்க லைட்டுக்கும் லென்ஸுக்கும் போலரைசர்னு பளபளப்பை குறைக்கற ஃபில்டர் போட்டு மல்லுக்கட்டணும்.

மூணாவது ரகம்தான் எனக்கு இப்போ ரொம்ப பிடிச்சது, ரெண்டும் ஒரே தோலா ஆகறது, அதாவது டிரான்ஸ்ஃபரும் சயனோடைப்பும்.

டிரான்ஸ்ஃபர்னா லேசர் பிரிண்ட் எடுத்து, படம் இருக்கற பக்கத்தை ஜெல் மீடியம் (பசை மாதிரி கெட்டியான, கலர் இல்லாத அக்ரிலிக்) பூசின பலகை மேல கவுத்து அழுத்தி, ஒரு நாள் காயவிட்டு, அப்புறம் பேப்பரை நனைச்சு விரல் நுனியால உருட்டி உருட்டி எடுக்கறது. பேப்பர் போயிடும், டோனர், அதாவது லேசர் பிரிண்டரோட மைத்தூள், மட்டும் மீடியத்துல தங்கும். மொத தடவை பண்றப்போ அந்த நனைஞ்ச பேப்பர் சின்ன சின்ன புழு மாதிரி உருண்டு வர்றதும், அதுக்கு கீழ ஒரு கண்ணு, ஒரு விரல், ஒரு ஜன்னல் கம்பின்னு கொஞ்சம் கொஞ்சமா முகம் காட்டறதும் பாக்க அவ்வளவு சந்தோஷமா இருக்கும். கொஞ்சம் ஆசைப்பட்டு அழுத்தி தேய்ச்சா கண்ணும் சேர்ந்து போயிடும், அதையும் சொல்லிடறேன். முடிச்சப்புறம் காஞ்சா வெள்ளையா ஒரு மூட்டம் நிக்கும், அது மிச்சமான பேப்பர் நார், மீடியம் இன்னொரு கோட் குடுத்தா அடங்கும். படம் இடவலமா திரும்பும்கறதால பிரிண்ட் எடுக்கறதுக்கு முன்னாடியே கண்ணாடி பிம்பமா திருப்பிடணும், போர்டுல எழுத்து இருக்கற படம்னா இதை மறந்தவன் செத்தான்.

இதுல அசல் விஷயம் என்னன்னா போட்டோல வெள்ளையா இருக்கற இடத்துல டோனரே கிடையாது, அதனால அங்க எல்லாம் கீழ இருக்கற பெயிண்ட் தெரியும். ஓவியர் முதல்ல பலகைல கலர் போட்டு வைக்கலாம், அது மேல போட்டோ வந்து உக்காரும், அப்புறம் திரும்பவும் அவர் பிரஷ் எடுக்கலாம். ஆக கடைசி கை மாறிக்கிட்டே இருக்கும், எங்க பெயிண்ட் முடிஞ்சு எங்க போட்டோ ஆரம்பிக்குதுன்னு பாக்கறவனுக்கு சொல்லத்தெரியாது. அமெரிக்க ஓவியர் ராஷன்பெர்க் 1958லேருந்து 60 வரைக்கும் பத்திரிகை படங்களை கரைப்பான்ல நனைச்சு பின்பக்கமா தேய்ச்சு பேப்பர்ல இறக்கி, அதோட வாட்டர்கலர் பென்சில் எல்லாம் கலந்து 34 படம் பண்ணார், அந்த தேய்ச்ச கோடுகள்தான் படத்துக்கே உயிர், கரைப்பான் நாத்தத்துக்கு ஜெல் மீடியம் எவ்வளவோ மேல்னு மட்டும் சொல்லிக்கறேன்.

சயனோடைப் 1842ல ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்சது. இரும்பு உப்பு ரெண்டு கரைசலை கலந்து பிரஷால பேப்பர்ல பூசி, இருட்டுல காயவச்சு, படத்தோட அதே சைஸ்ல இருக்கற நெகட்டிவை அது மேல வச்சு வெயில்ல காட்டி, தண்ணில கழுவினா நீல படம். இங்க ஓவியருக்கு ஒரு அழகான வேலை கிடைக்குது, கரைசலை பூசறதே அவர் கையால பூசட்டும். அவர் பிரஷ் போன இடத்துல மட்டும்தான் போட்டோ பிறக்கும், ஓரம் எல்லாம் அவர் இழுத்த இழுப்பு. மேல வாட்டர்கலர் அருமையா சேரும். ஜாக்கிரதையா இருக்க வேண்டியது காரத்தன்மை, இந்த நீலம் காரத்துல வெளுத்துடும், சுண்ணாம்பு கலந்த பேப்பர் வேண்டாம், சோப்பு சோடா கிட்டயே வரக்கூடாது. ஆனா அதையே தந்திரமாவும் பண்ணலாம், சலவை சோடா கரைசல்ல பிரஷ் தொட்டு வேண்டிய இடத்துல மட்டும் நீலத்தை வெளுக்க வச்சா அதுவும் ஒரு வரைதல்தான். வெளுத்தது திரும்பாது, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் வழியை பத்தி அதிகம் சொல்ல இல்ல. ஓவியத்தை ஸ்கேன் பண்ணி, போட்டோவோட லேயர் லேயரா அடுக்கி, மல்டிப்ளை மோட்ல (மேல் லேயர் வழியா கீழ இருக்கறதும் சேர்ந்து தெரியற மாதிரி) கலந்து பிரிண்ட் எடுக்கறது. ரெண்டு பேரும் வேற வேற ஊர்ல இருந்தா இதைவிட்டா வழி கிடையாது, எல்லா தப்பையும் திரும்ப எடுக்கலாம், செலவும் கம்மி. எனக்கு இதுல இருக்கற குறை அந்த திரும்ப எடுக்கறதுதான், எதுவுமே முடியறதில்ல. ஒரே ஃபைலுக்கு "ஃபைனல் 7", "ஃபைனல் 7 புதுசு"ன்னு பேர் வச்சுக்கிட்டு நாலு மாசம் அனுப்பிக்கிட்டே இருந்தோம், ரெண்டு பேருக்குமே கடைசி கை இல்ல, கடைசில அது அப்படியே கிடக்கு. பண்ணுங்க, ஆனா ஆளுக்கு மூணு முறைதான்னு எண்ணி வச்சு பண்ணுங்க. ஒத்திகைக்கு மட்டும் இது பிரமாதம், பிரிண்ட் மேல பிரஷ் வைக்கறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல கலர் போட்டு பாத்துக்கலாம்.

போட்டோவை பாத்து ஓவியம் வரையறதையும் சிலர் இந்த கணக்குல சேர்ப்பாங்க. அது கூட்டு வேலைதான், ஆனா மிக்ஸட் மீடியா இல்ல. அந்த ரகத்துல ஒரு பழைய கதை எனக்கு ரொம்ப பிடிக்கும். 1843ல ஸ்காட்லாந்துல சர்ச் பிளவுபட்டப்போ அதுல வெளிய வந்த பாதிரிமார் எல்லாரையும் ஒரே ஓவியத்துல கொண்டு வரணும்னு டேவிட் ஆக்டேவியஸ் ஹில்னு ஒரு ஓவியர் நினைச்சார், 400க்கு மேல முகம், ஒவ்வொருத்தரையும் உக்காரவச்சு வரைய முடியாதுன்னு ராபர்ட் ஆடம்சன்ங்கற இளம் போட்டோகிராஃபரை சேர்த்துக்கிட்டார். ஆடம்சன் 1848ல இருபதுகள்லயே இறந்துட்டார், ஓவியம் முடிஞ்சது 1866ல. இன்னைக்கு அந்த ஓவியத்தைவிட, அதுக்கு குறிப்பா எடுத்த போட்டோக்களைத்தான் உலகம் கொண்டாடுது. துணை வேலைன்னு நினைச்சதுதான் அசலாச்சு.

அப்போ எதை எடுக்கறது? இப்பதான் ஜோடி சேர்ந்தீங்கன்னா மேட் பேப்பர்ல ஒரே படத்தை மூணு பிரிண்ட் போட்டு ஆரம்பிங்க, ஒண்ணு கண்டபடி கெடுக்க, ஒண்ணு நிஜமா பண்ண, ஒண்ணு பத்திரமா வைக்க. மூணு இருக்குன்னு தெரிஞ்சாலே ஓவியர் கை நடுங்காது, உங்க நெஞ்சும் படபடக்காது. ரெண்டு மூணு வருஷமா பழகினவங்க, ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் கெடுத்தா சிரிக்கக்கூடியவங்கன்னா நேரா டிரான்ஸ்ஃபருக்கு போங்க. நிறைய பிரதி வேணும், கண்காட்சில பத்து பேருக்கு குடுக்கணும்னா பெயிண்ட் முதல்ல கேமரா கடைசில. ஒரே ஒரு அசல் போதும்னா மத்த எதுவும்.

போட்டோகிராஃபருக்கு மட்டும் ஒண்ணு தனியா சொல்லணும், அண்ணன் கேட்ட அந்த கேள்வி. மேல பெயிண்ட் வரப்போற படத்தை அரைகுறையா எடுங்க. காலி சுவர், மூடின வானம், பாதி இருட்டு, ஓரத்துக்கு ஒதுங்கின ஆள். தனியா பாத்தா "என்னடா இது ஒண்ணுமே இல்ல"ன்னு தோணணும். நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இது கை வராத பழக்கம், ஃப்ரேமோட நாலு மூலையும் நிரப்பியே பழகிட்டோம்.

அப்புறம் பேசக்கூச்சமா இருக்கற சமாச்சாரம். அசல் யார் வீட்ல இருக்கும், யார் கையெழுத்து, வித்தா எப்படி பிரிக்கறது, பெயிண்ட் இல்லாத அந்த போட்டோவை நான் தனியா எங்கயாவது போடலாமா, படத்துல இருக்கற ஆள்கிட்ட முகத்து மேல பெயிண்ட் வரும்னு சொல்லி சம்மதம் வாங்கியாச்சா. அரை பக்கத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டா போதும். நாங்க மூணாவது படத்துக்குதான் எழுதினோம், முதல் ரெண்டு யாரோடதுன்னு இன்னும் தெளிவில்ல, ரெண்டும் அவர் பரண்ல இருக்கு.

அந்த நாற்காலியை போன வாரம் திரும்ப எடுத்தேன். காலண்டர் இல்ல, டம்ளர் இல்ல, நாற்காலி ஒரு மூலைல, முக்கால்வாசி வெறும் சுவர். ஃபோன்ல அனுப்பினதுக்கு அண்ணன்கிட்டேருந்து ஒரே வரி பதில்: "பலகைல சிவப்பு போட்டு வச்சிருக்கேன், கண்ணாடி பிம்பமா திருப்பி எடுத்துட்டு வா, மறந்துடாத."